விளக்கை அணைத்துவிட்டுச் செத்தவன்

செத்தவன், விளக்கை அணைத்துவிட்டுச் செத்திருந்தான்.

“இன்னொரு தடவை படி மைக்கு,” என்றாள் தராசு.

மைக் கண்ணை இடுக்கிக்கொண்டு ஸ்கிரீனின் கடைசி வரிகளைப் படித்தான். “‘கையிலிருந்த வேலை முடிந்தது. கதவைச் சாத்தியாயிற்று. விளக்கை அணைத்தாயிற்று.’ அவ்வளவுதான்க்கா. அதுக்கப்புறம் பேச்சுமூச்சு இல்லை.”

“ஒருத்தனைப் பின்னாடியிருந்து கழுத்தை நெரிச்சா, போய் லைட்டை அணைச்சிட்டு வந்தா சாவான்?”

“எங்க மாமா அப்படித்தான் சாவார். ஃபேனையும் சேத்து அணைச்சிட்டு.”

தராசு சிரிக்கவில்லை. சிரிப்பு வராமல் இல்லை. மைக்கின் ஒரு ஜோக்குக்குச் சிரித்தால் அடுத்தது உடனே வந்து நிற்கும் என்ற பயம். அணைக்கிற சுவிட்ச் இல்லாததால்தான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது. அவளுக்குத் தராசு என்று பெயர் வந்த கதை வேறு. அவள் அம்மா கல் உடைத்த குவாரியில், லாரி நிறுக்கும் மேடையின் ஓரத்தில் வளர்ந்தவள். டயர் பிதுங்குவதைப் பார்த்தே எடைச்சீட்டு பொய் என்று சொல்லிவிடுவாள். பொய்யான சீட்டைக் கண்டுபிடித்துப் பழகியவள், பிறகு பொய்யான ஆளைக் கண்டுபிடிக்கிற தொழிலுக்கு வந்துவிட்டாள்; மைக் அவளுக்கு உதவியாள்.

செத்தவன் மனிதன் இல்லை. ஒரு பெட்டி. அதுவும் கையால் தூக்கக்கூடிய பெட்டி இல்லை.

அது ஒரு பார்சல் கம்பெனி. கீழே கிடங்கு, கயிறு, தள்ளுவண்டி, வியர்வை. மேலே ஏசி அறையில் ஆறு சர்வர்கள்; ஆறும் சேர்ந்த கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். கம்பெனியின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புரோகிராம், ஒவ்வொரு புரோகிராமும் கன்டெய்னர் என்கிற மூடின பெட்டிக்குள். ஒரு சர்வரில் பத்துப் பதினைந்து பெட்டிகள் அதன் மெமரியைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கும், வேலைக்கு வந்த ஆட்கள் ஒரே அறையில் வரிசையாகப் படுப்பது மாதிரி. ஒருத்தன் காலை நீட்டினால் இன்னொருத்தன் மடக்கியாக வேண்டும். அளவு மீறி நீட்டுகிறவனைச் சர்வர் தானே வெட்டிப் போட்டுவிடும். விசாரணை கிடையாது.

இங்கே அடிக்கடி செத்தது வழிப்பெட்டி. எந்தப் பார்சல் எந்த லாரியில் எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்வது அதுதான். அது செத்தால் வேறொரு சர்வரில் புதிதாக எழும். ஆனால் எழுந்ததும் ஊர்ப்பட்ட வரைபடங்களை முதலிலிருந்து படிக்க வேண்டும். அதுவரை லாரிகள் கேட்டில் நின்று ஹாரன் அடிக்கும்.

இப்போதும் அடித்துக்கொண்டிருந்தன.

வழிப்பெட்டி மெமரியைத் தின்கிறது, அதனால் சர்வர் அதை வெட்டுகிறது, ஆகவே அதை எழுதியவள் உதவாக்கரை. கம்பெனி முழுக்க இதுதான் பேச்சு. எழுதியவள் மைக்கின் தங்கை. சாயங்காலம் ஐந்து மணி விசிலோடு அவளுக்கு வேலை போகிறது. அவளுடைய நாற்காலியையும் மேசையையும் முன்கூட்டியே கீழே இறக்கிவிட்டார்கள். ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மெமரி தின்னி என்று பெயரெடுத்து வெளியே போனால் வேறு எந்தக் கம்பெனியும் கூப்பிடாது. அவள் படிப்பதற்காக மைக் மூட்டை தூக்கியிருக்கிறான். அவன் வலது தோள் இன்றைக்கும் இடதைவிடத் தாழ்ந்தே இருக்கும். உலகத்தில் அவன் ஜோக் அடிக்காத விஷயம் அது ஒன்றுதான்.

“சர்வர் வெட்டினா ஒரே வெட்டுக்கா,” என்றாள் தங்கை. “பேசவே விடாது. யாராவது ‘போதும்ப்பா, கிளம்பு’ன்னு நல்லபடியா சொன்னாத்தான் பெட்டி கையில இருக்கறதை முடிச்சு, கதவைச் சாத்தி, விளக்கை அணைக்கும். அந்த வரியே நான் எழுதினதுதான்.”

“அப்போ இதை நீயே முன்னாடி பாத்திருக்கலாமே?”

“முதல் சாவு விழுந்த அன்னைக்கே, சர்வருக்குள்ள நுழையற என் சாவியை, அதான் பாஸ்வேர்டை, வாங்கிட்டாங்க. செத்த பெட்டி தன் பேச்சையும் கூட எடுத்துக்கிட்டுப் போயிடும். இந்த அண்ணன் சேத்து வெக்கற இடத்துல மட்டும்தான் மிச்சம் இருக்கும்.”

இந்த அண்ணன் என்பது கொக்கு. சுவரில் வரிசையாக மாட்டிய ஸ்கிரீன்களுக்கு முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நாள் முழுக்க மெமரிக் கோடுகளைப் பார்ப்பது அவன் வேலை. மீன் வரும்வரை அசையமாட்டான். மீன் வந்தும் அசைந்ததில்லை.

“நான் கோடு பாக்கறவங்க,” என்றான் கொக்கு. “எழுத்து பாக்கச் சொல்லி யாரும் சொல்லலையே.”

“யார் கொன்னதுன்னாவது பாத்தியா?”

“எல்லாரும் மெமரின்னாங்க. நானும் மெமரின்னே போட்டுட்டேன்.”

“நல்லவேளை, யாரும் பேய்னு சொல்லலை,” என்றான் மைக்.

தராசு நாற்காலியைக் கொக்கின் பக்கம் இழுத்துப் போட்டாள். “பெட்டியைக் கிளம்பச் சொல்றதுக்கும் ஒரு சாவி வேணுமில்ல? எந்தச் சாவி சொல்லியிருக்குன்னு தேடு.”

கொக்கு தட்டினான். தட்டத் தட்ட அவன் கழுத்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் தோளுக்குமேல் தலை மட்டும் இருந்தது.

“மாப்பிள்ளையோட சாவிங்க. ஒவ்வொரு சாவுக்கும்.”

மாப்பிள்ளை என்றால் கம்பெனி முதலாளியான பெரியம்மாவின் மகளைக் கட்டியவர். வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர், கம்பெனிக்கும் மாப்பிள்ளையாகவே நிலைத்துவிட்டார். தங்கையின் நாற்காலியை இறக்கச் சொன்னதும் அவர்தான்.

மைக் எழுந்து சட்டைக் கையை மடித்தான். “அக்கா, அந்த ஆளை நான் அடிக்க மாட்டேன். சும்மா தூக்கறேன். மெதுவா வெக்கறதுக்கு மட்டும் மறந்துடறேன்.”

“உக்காருடா. சாவி யாரோடதுன்னு தெரிஞ்சிருக்கு. கை யாரோடதுன்னு தெரியலை.” அவள் கொக்கின் பக்கம் திரும்பினாள். “சாவு விழுந்த நேரத்துல உன் கோடு எங்க இருந்துச்சு?”

“அந்தச் சர்வர்ல நூத்துக்கு அறுபதுக்குப் பக்கத்துல. அதைத் தாண்டினதே இல்லைங்க.”

“மாப்பிள்ளை எவ்வளவுன்னு சொல்றார்?”

“தொண்ணூத்தஞ்சு. வாயைத் திறந்தா தொண்ணூத்தஞ்சு.”

“ஒரே மூட்டை. ஒரு தராசுல அறுபது, இன்னொண்ணுல தொண்ணூத்தஞ்சு,” என்றாள் தராசு. முதல் தடவையாக அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. “எங்க குவாரியில இப்படி வந்தா மூட்டையைச் சந்தேகப்பட மாட்டோம்.”

தங்கை அட்டைப்பெட்டியிலிருந்து எழுந்தேவிட்டாள். “அப்படி ஒரு கணக்கு இருக்குக்கா! பெட்டி ஒரு ஃபைலைப் படிச்சா, சர்வர் அதைக் காலியா கெடக்கற மெமரியில விரிச்சு வெக்கும். மறுபடி கேட்டா தேட வேண்டாம் பாருங்க. வேற யாராவது இடம் கேட்டா உடனே சுருட்டிக் குடுத்துடும். கொக்கண்ணன் கோட்டுல அந்த விரிப்பு சேராது. அதையும் பாரம்னு சேத்தா, ஒழுங்கா வேலை செய்யற எந்தச் சர்வரும் நிறைஞ்சு வழியற மாதிரிதான் தெரியும். என் பெட்டி படிக்கறது பூரா வரைபடம். விரிப்பு அதுக்குத்தான் பெருசு.”

“ஆக, கொல்றவன் கையில தப்பான தராசு இருக்கு. அதுல பெருசா தெரியறவனைப் போட்டுத் தள்றான்.”

கீழேயிருந்து நீளமாக ஒரு விசில் வந்தது. கொக்கு விறைத்தான். “பெரியம்மா. உங்களைத்தான் கூப்பிடறாங்க.”

*

மாடிப்படியின் அடியில் தங்கையின் நாற்காலி ஒரு சக்கரம் இல்லாமல் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் மேசை. மைக் அதைச் சுற்றிக்கொண்டு போனான்.

கிடங்கில் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கத் தார்ப்பாய் விரித்துப் பார்சல்களைப் பரப்பியிருந்தார்கள். ஆட்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்கள். பெரியம்மா ஒரு லாரியின் பின்னால் குனிந்து, பாரம் தாங்கும் அதன் ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் விட்டுப்போன ஒற்றை லாரியை வைத்து இத்தனையும் சேர்த்தவள். கழுத்தில் விசில், கையில் சாக்பீஸ். லாரியின் பின்கதவில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

“இந்த வண்டி நகராது. பட்டை படுத்துடுச்சு. பெருசை முதல்ல இறக்கு!”

இறக்குகிற அவசரத்தில் ஒருவன் கையிலிருந்து பெட்டி நழுவித் தொப்பென்று விழுந்தது. இரண்டு பேர் உதவிக்கு ஓடினார்கள். விசில் காதைக் கிழித்தது.

“யாரும் தொடாதே! போட்டவன் தூக்கு!”

விழுந்தவன் எழுவது மாதிரி, போட்டவன் தனியாகக் குனிந்து தூக்கி, கொண்டுபோய்ச் சேர்த்தான். யாரும் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்தக் கிடங்கின் வழக்கம் அது. போட்டவன்தான் தூக்க வேண்டும். தூக்கின பிறகு அதைப் பற்றி எவனும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

பெரியம்மா மைக்கை ஏற இறங்கப் பார்த்தாள். “நீதான் அந்தப் பொண்ணோட அண்ணனா? தோள் சொல்லுது. எது வரைக்கும் தூக்கினே?”

“அவ படிச்சு முடிக்கற வரைக்கும்.”

அவள் தலையசைத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. “நல்ல பொண்ணுதான். ஆனா பாரம் தெரியாதவளை வெச்சு வண்டி ஓட்ட முடியாதுப்பா. நான் பாவம் பாத்தா, கேட்டுல நிக்கற டிரைவர் என்னைப் பாவம் பாப்பானா? மேல இருந்தாலும் கீழ இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான். போட்டவதான் தூக்கணும்.”

“அஞ்சு மணி வரைக்கும் எங்களுக்கு நேரம் இருக்கில்ல பெரியம்மா?” என்றாள் தராசு.

“இருக்கு. விசில் என்கிட்டத்தான் இருக்கு. ஒரு நிமிஷம்கூட முன்னாடி ஊத மாட்டேன்.”

சொல்லிவிட்டு இரும்புப் படியில் ஏறித் தன் கண்ணாடி அறைக்குப் போனாள். கிடங்கின் நடுவே பரண் மாதிரி தூக்கிக் கட்டிய அறை. மேசைமேல் மூக்குக்கண்ணாடி, தண்ணீர்ச் செம்பு, சாக்பீஸ் டப்பா, ஒரு டேப்லெட் எல்லாம் கீழிருந்தே தெரிந்தன.

“பத்து விரலும் சாக்பீஸ்,” என்றான் மைக், மாடிப்படி ஏறும்போது. “இந்த அம்மா கணக்கு டீச்சரா போயிருந்தா பாதிப் பேர் படிப்பை விட்டிருப்பான்.”

“நீ?”

“நான் டீச்சர் வர்றதுக்கு முன்னாடியே விட்டவன்க்கா.”

*

தராசின் திட்டம் எளிமையானது. ஒரு வேலையும் செய்யாத பெட்டி ஒன்று வேண்டும். பழைய வரைபடங்களைத் திரும்பத் திரும்பப் படித்து விரிப்பை மட்டும் விரித்துக்கொண்டே போக வேண்டும். கொக்கின் கோட்டில் அது எலிக்குஞ்சு மாதிரி தெரியும். தப்பான தராசில் யானை மாதிரி தெரியும். அந்த யானையை யாராவது சுட்டால், சுட்டவன் கையில் இருப்பது தப்பான தராசுதான்.

காலியாகக் கிடந்த ஐந்தாவது சர்வரில் அதை ஏற்ற, தங்கை சொல்லச் சொல்லக் கொக்கு தட்டினான்.

“பெட்டிக்குப் பேரு?” என்று கேட்டான்.

“வேலை செய்யாது, இடத்தை அடைச்சுக்கிட்டுப் படுத்திருக்கும்,” என்றாள் தங்கை. “மைக்னு போடுங்க.”

“பாத்தீங்களாக்கா? வேலை போற நேரத்துலயும் வாய் போகலை இவளுக்கு.”

“யாரோட தங்கச்சி?” என்றாள் தராசு. “மைக்கு, நீ போய் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வா. அவரோட ரெண்டு கையும் எனக்கு வேணும். கையைக் கட்டிப் போட்டிருக்கும்போதே பெட்டி செத்தா, கொன்னது அவர் இல்லை. சாகலைன்னா கையை அவிழ்த்துவிட்டுப் பாப்போம்.”

“கயிறு எடுத்துக்கவா?”

“ஏணி எடுத்துக்கோ.”

ஏசியிலிருந்து சர்வர்மேல் தண்ணீர் சொட்டுகிறது என்று மைக் போட்ட கூச்சலில் மாப்பிள்ளை தானே ஓடி வந்தார். பாலாடை நிறச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. மைக் ஏணியின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “சார், ரெண்டு கையாலயும் பிடிங்க,” என்றான்.

“ஏணி பிடிக்க வேற ஆளே இல்லையா?”

“கீழ நிறைய ஆள் இருக்காங்க. ஆனா அவங்க எல்லாம் தூக்கற ஆளுங்க. பிடிக்கறதுக்குப் பொறுப்பான ஆள் வேணும் சார். விழுந்தா சர்வர்மேல விழுவேன்.”

மாப்பிள்ளை இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மைக் ஏசியின் மூடியைத் தட்டினான், ஊதினான், காது வைத்துக் கேட்டான். “இதயம் நல்லாத்தான் துடிக்குது,” என்று அறிக்கை கொடுத்தான். தராசு மாப்பிள்ளையின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். கேட்டில் ஹாரன் குறைந்து, நின்று, ஒரு லாரி கிளம்பியது. புது வழிப்பெட்டி எழுந்துவிட்டது.

திடீரென்று கொக்கின் கழுத்து முழு நீளத்துக்கு வெளியே வந்தது.

“மைக் செத்துட்டான்!”

“டேய், நான் இங்கதான்டா இருக்கேன்!” என்று உச்சியிலிருந்து சத்தம் வந்தது. ஏணி ஆடியது. மாப்பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

தங்கை ஸ்கிரீனுக்கு ஓடினாள். கடைசி வரி அங்கே நின்றுகொண்டிருந்தது: ‘விளக்கை அணைத்தாயிற்று.’

“யார் சாவி?” என்றாள் தராசு.

கொக்கு மாப்பிள்ளையைக் காட்டினான். “இவரோடதுதாங்க.”

“என்ன உளர்றீங்க? என் கை ரெண்டும் ஏணியில இருக்கு!”

“அதைத்தான் சார் நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்,” என்றாள் தராசு. “உங்க கை சுத்தம். இப்போ சொல்லுங்க. தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தஞ்சுன்னு சொல்றீங்களே, உங்களுக்கு யார் சொன்னா?”

மாப்பிள்ளை ஏணியைப் பார்த்தார். ஏணி உதவவில்லை.

“அத்தை.”

“உங்க சாவியை யாருக்குக் குடுத்தீங்க?”

“யாருக்கும் குடுக்கலைங்க. அத்தைக்கு ஒரு டேப்லெட் செஞ்சு குடுத்தேன். மாடியில என்ன நடக்குதுன்னு தனக்குப் புரியற மாதிரி காட்டணும்னாங்க. வெளிய ஒருத்தன்கிட்ட சொல்லி, சர்வரை எல்லாம் லாரியா வரையச் சொன்னேன். அதுக்கு உயிர் வர்றதுக்கு என் சாவியைப் போட்டேன். பாக்கறதுக்கு மட்டும்தான்!”

“அதுல பட்டன் ஏதாவது இருக்கா?”

“ஒண்ணே ஒண்ணு. ‘இறக்க வழியில்லாத வண்டி என்ன வண்டி மாப்பிள்ளை’ன்னு கேட்டாங்க. அவங்க மனசு கோணக் கூடாதேன்னு, சும்மா பேருக்கு ஒரு பட்டன் போடுன்னு சொன்னேன். அது எங்க வேலை செய்யப்போகுதுன்னு…”

“செஞ்சவன் நேர்மையானவன் சார்,” என்றான் மைக், ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே. “உண்மையாவே செஞ்சுட்டான்.”

“டேப்லெட் எப்போ குடுத்தீங்க?”

மாப்பிள்ளை சொன்னார். முதல் சாவு விழுந்த அதே வாரம்.

*

கொக்கை ஸ்கிரீன் முன்னால் விட்டுவிட்டு மற்ற நான்கு பேரும் இரும்புப் படியேறிக் கண்ணாடி அறைக்குள் போனபோது பெரியம்மா நல்ல குஷியில் இருந்தாள்.

“வாங்க வாங்க. மேல கும்பலா உக்காந்து என்னதான் பாக்கறீங்க? அஞ்சாவது வண்டியில ஒருத்தன், மைக்காம் பேரு. ஒரு வேலையும் கிடையாது. வண்டி முழுக்க அடைச்சுக்கிட்டுக் கெடந்தான். உங்க எவன் கண்ணுலயும் படலை. நான்தான் இறக்கினேன்.”

“பெரியம்மா,” என்றான் மைக், “ஒரு வேலையும் கிடையாதுங்கறதை இவ்வளவு சத்தமா சொல்லணுமா?”

தராசு மேசையிலிருந்த டேப்லெட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். ஆறு பொம்மை லாரிகள். ஒவ்வொன்றிலும் சின்னதும் பெரிதுமாக மூட்டைகள். கீழே ‘இறக்கு’ என்று சிவப்பாக ஒரு பட்டன். கண்ணாடி முழுக்கப் பளபளவென்று இருந்தது, அந்தப் பட்டனைத் தவிர. அதன்மேல் மட்டும் சாக்பீஸ் பொடி, விரல்மேல் விரலாக, அப்பிப்போய் வெள்ளையாக இருந்தது.

“எப்போலேர்ந்து இறக்கறீங்க பெரியம்மா?”

“இது வந்த நாள்லேர்ந்து. தொண்ணூத்தஞ்சு தாண்டினா எந்த வண்டிக்கும் பட்டை ஒடிஞ்சுடும். பெருசை இறக்கிட்டா வண்டி பிழைச்சுக்கும், மூட்டை வேற வண்டியில ஏறிக்கும். நான் இவ்வளவு பாத்துப் பாத்து இறக்கியும் இந்தப் பொண்ணோட பெட்டி செத்துக்கிட்டே இருக்குன்னா, அப்போ அதுல எவ்வளவு கோளாறு இருக்கணும்!”

மாப்பிள்ளை கூரையில் இருந்த ஆணிகளை எண்ண ஆரம்பித்தார்.

தராசு கண்ணாடி வழியாகக் கீழே காட்டினாள். “தரை பூரா தார்ப்பாய் விரிச்சுப் பார்சல் பரப்பியிருக்கு. நடக்க வழியில்லை. கிடங்கு நிறைஞ்சுபோச்சு பெரியம்மா. நாலு ஆளை வேலையை விட்டு அனுப்பிடலாமா?”

“நல்லா இருக்கே நியாயம்! அது பிரிக்கறதுக்காக விரிச்சதும்மா. தரை சும்மாதானே கெடக்கு, விரிச்சா கைக்குச் சுலபம். வண்டி உள்ள வந்தா ஒரே இழுப்புல சுருட்டி ஓரமா வெச்சுடுவாங்க. அதைப் போய் எந்த மடையனாவது பாரம்னு…”

நிறுத்தினாள்.

கீழே பார்த்தாள். டேப்லெட்டைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள்.

“இந்தப் படத்துல இருக்கற மூட்டை…”

“மூணுல ஒரு பங்குக்கு மேல வெறும் விரிப்பு பெரியம்மா,” என்றாள் தங்கை மெதுவாக. “இடம் கேட்டா சுருட்டிக்கும். இந்தப் படம் வரைஞ்சவருக்கு அது தெரியலை. ரெண்டையும் சேத்து எடை போட்டுட்டார்.”

“நான் இறக்கினா வேற வண்டியில ஏறலையா?”

“ஏறும். ஏறினதும் எல்லா வரைபடத்தையும் முதல்லேர்ந்து படிக்கணும். அது படிச்சு முடிக்கற வரைக்கும்தான் கேட்டுல லாரி நிக்கும். நீங்க இறங்குன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் அது மறுபேச்சு பேசாம, விளக்கை அணைச்சுட்டு இறங்கிப் போயிருக்கு.”

பெரியம்மா உட்கார்ந்தாள். செம்பைக் கையில் எடுத்து, தண்ணீர் குடிக்காமலே திரும்ப வைத்தாள். அவள் வயதுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். “அத்தை, இது வெளிய போக வேண்டாம். மெமரி தானா சரியாயிடுச்சுன்னு சொல்லிடலாம். பொண்ணும் இருந்துக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்லை.”

மைக் தங்கையைப் பார்த்தான். தங்கை தராசைப் பார்த்தாள். வேலை நிலைக்கும்; மெமரி தின்னி என்ற பெயரும் கூடவே நிலைக்கும்.

“மாப்பிள்ளை,” என்றாள் பெரியம்மா, “நீங்க ரொம்ப நல்லவர். அதனாலதான் இத்தனை வருஷமாகியும் மாப்பிள்ளையாவே இருக்கீங்க. கொஞ்சம் வழி விடுங்க.”

இரும்புப் படியின் உச்சியில் வந்து நின்று விசிலை வாயில் வைத்தாள். ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு நிமிஷம்கூட முன்னால் ஊதாதவள் ஊதினாள். கயிறு இழுத்தவன் இழுத்தபடி நின்றான். தள்ளுவண்டிகள் நின்றன. கேட்டிலிருந்து டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இத்தனை நாள் வண்டி நின்னதுக்கு மேல இருக்கற பொண்ணு காரணமில்லை!” என்று கத்தினாள். அந்தக் குரலுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. “சரியா ஓடிக்கிட்டிருந்ததை இறக்கி இறக்கிக் கெடுத்தது நான். போட்டது நான்தான்!”

படியிறங்கி நேராக மாடிப்படியின் அடிக்குப் போனாள். கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, பக்கத்தில் கழன்று கிடந்த சக்கரத்தை மடியில் சொருகிக்கொண்டு, நாற்காலியைத் தோளில் ஏற்றினாள். கிடங்கே பதறி ஒரு அடி முன்னால் வந்தது.

“யாரும் தொடாதே!”

யாரும் தொடவில்லை.

“அத்தை, நீங்க போய்… குடுங்க அத்தை, நான் தூக்கறேன்,” என்று மாப்பிள்ளை ஓடி வந்தார்.

“உங்களுக்குத் தனி மூட்டை இருக்கு மாப்பிள்ளை. அதோ மேசை.”

பாலாடை நிறச் சட்டை அந்த மேசைக்கு அடியில் நுழைவதைக் கிடங்கு முழுக்கப் பார்த்தது. வழக்கப்படி ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் இரண்டு பேருக்கு இருமல் வந்தது.

பெரியம்மா ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினாள். ஆனால் தோளை மாற்றவில்லை. மேலே போய் நாற்காலியை இறக்கி, குனிந்து சக்கரத்தை மாட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

“உக்காரு.”

தங்கை உட்கார்ந்தாள். பெரியம்மா டேப்லெட்டையும் ஒரு சாக்பீஸையும் அவள் மடியில் வைத்தாள்.

“நகரக் கூடாத வண்டிக்கு என்ன போடுவோம்?”

தங்கை தயங்கித் தயங்கி அந்தச் சிவப்புப் பட்டனின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டாள். கண்ணாடியில் சாக்பீஸ் சரியாகப் பிடிக்கவில்லை. பெரியம்மா அவள் கையைப் பிடித்து அழுத்திப் போட வைத்தாள்.

“விரிப்பு தனியா, பாரம் தனியா எனக்குக் காட்டு. அதுக்கப்புறம் இதை அழிக்கலாம். நாளைக்கு வந்து ஆரம்பி.”

“இன்னைக்கே ஆரம்பிக்கறேன் பெரியம்மா.”

“அஞ்சு மணிக்கு மேல எவளும் வேலை பாக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான்.”

அவள் இறங்கிப் போனாள். மைக் வாயைத் திறந்தான். தராசு அவனைப் பார்த்தாள். தூக்கின பிறகு பேசக் கூடாது என்பது அவனுக்கும் ஞாபகம் வந்தது போல, மூடிக்கொண்டான். அந்த வாய் தானாக மூடியதைத் தராசு பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவன் திரும்பி நின்று வலது தோளைத் தேய்த்துக்கொண்டான், வெகு நேரம்.

கொக்கின் ஸ்கிரீனில் வழிப்பெட்டி இருந்த சர்வரின் கோடு அறுபதுக்குக் கீழே நேராகப் போய்க்கொண்டிருந்தது. கேட்டில் ஒரு ஹாரன்கூட இல்லை.

“அண்ணா,” என்றாள் தங்கை, நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி. “உன் பெட்டி பாவம், பாதியிலயே இறங்கிடுச்சு. மறுபடி ஏத்தட்டுமா?”

“வேண்டாம் விடு,” என்றான் மைக். “விளக்கை அணைச்சாச்சு. கொஞ்சம் தூங்கட்டும்.”